அரை மைக்ரான் தூரத்தில் ஒரு கல்யாணம்

பழைய ஹேண்டிகேம் கேசட்டைக் கணினிக்கு ஏற்றித் தரச் சொல்லிக் கடைக்குக் கொண்டுபோனால், ஓட்டிப் பார்த்துவிட்டு அவர்கள் சொல்லும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: "டேப் போயிடுச்சு சார். முப்பது வருஷம் ஆச்சுல்ல, இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது." திரை முழுக்க கிரெயின்ஸ். மணமேடை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் புள்ளிகள் கொதிக்கின்றன. பின்னால் நாதஸ்வரம் மட்டும் கொஞ்சம் கரகரப்போடு கேட்கிறது. கொண்டுவந்தவர் கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

பல நேரங்களில் இந்தத் தீர்ப்பு தவறு. தவறு என்பதற்குச் சாட்சி அந்த நாதஸ்வரமே. எப்படி என்று சொல்வதற்கு, டேப்பில் படம் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒலிக்கு வினாடிக்கு 20,000 அதிர்வுகள் வரை பதிந்தால் போதும். அதற்கு அசையாத ஹெட் (டேப்பில் எழுதவும் படிக்கவும் செய்யும் காந்த முனை) ஒன்றின் முன்னால் டேப்பை ஓடவிட்டாலே வேலை முடிந்துவிடும். அசையும் படத்துக்கோ வினாடிக்கு லட்சக்கணக்கில், கோடியை நெருங்கும் அளவில் அதிர்வுகள் தேவை. டேப்பை அந்த வேகத்தில் ஓட்டினால் ஒரு கல்யாணத்துக்கு ஒரு லாரி டேப் வேண்டும். 1956இல் அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. டேப் மெதுவாக நகரட்டும், ஹெட் வேகமாகச் சுழலட்டும் என்பதுதான் அந்த வழி. (பின்னாளில் ஒலிக்காகப் பேர் வாங்கிய ரே டால்பி, மாணவப் பருவத்திலேயே அந்தக் குழுவில் இருந்தவர்.) அதற்குப் பின் வந்த ஏறக்குறைய எல்லா வீடியோ டேப்புக்கும் இதுவே அடிப்படை.

1985இல் சோனி கொண்டுவந்த வீடியோ8 வகையை எடுத்துக்கொள்வோம். நம் ஊர் பி.ஏ.எல். முறையில் 8 மி.மீ. அகல டேப் வினாடிக்கு வெறும் 2 செ.மீ. நகர்கிறது. அது சாய்வாகச் சுற்றிச் செல்லும் 40 மி.மீ. விட்டமுள்ள டிரம்மோ வினாடிக்கு 25 முறை சுழல்கிறது. டிரம்மின் விளிம்பில் எதிரெதிராக இரண்டு ஹெட்டுகள். வாழைக்காயைச் சாய்வாக நறுக்கினால் வில்லை நீளமாகக் கிடைப்பது போல, 8 மி.மீ. அகலத்துக்குள் சுமார் 62 மி.மீ. நீளமுள்ள சாய்கோடு கிடைக்கிறது. ஒரு கோடு என்பது வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்துப் படம். முதல் கோட்டை ஒரு ஹெட் எழுதும், அடுத்ததை மற்றது. இப்படி மாறி மாறி எழுதியதை, ஓட்டும்போதும் மாறி மாறியே படிக்க வேண்டும். கோட்டின் அகலம் 34 மைக்ரான். மனிதத் தலைமுடியின் தடிமனில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஹெட் டேப்பை உரசிச் செல்லும் வேகம் வினாடிக்கு 3.1 மீட்டர். படத்தின் வெளிச்சம் அதிர்வெண்ணாக மாற்றப்பட்டுப் பதிகிறது. கறுப்பை விட வெள்ளைக்கு அதிர்வெண் அதிகம். வீடியோ8இல் இது 4.2 முதல் 5.4 மெகாஹெர்ட்ஸ் வரை. 3.1 மீட்டரை 50 லட்சத்தால் வகுத்தால், டேப்பின் மேல் ஓர் அலையின் நீளம் ஏறக்குறைய 0.6 மைக்ரான் என்று வரும். சிவப்பு ஒளியின் அலைநீளத்தை ஒட்டிய அளவு இது. பரணில் கிடக்கும் கேசட்டுக்குள், ஒளி அலையைப் போல நுண்ணிய காந்த அலைகள் கிலோமீட்டர் கணக்கில் எழுதிச் சுருட்டப்பட்டிருக்கின்றன.

கிரெயின்ஸின் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது. 1951இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த வாலஸ் என்ற பொறியாளர், ஹெட்டுக்கும் டேப்புக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் சிக்னல் எவ்வளவு குறையும் என்று கணக்கிட்டு ஒரு சூத்திரம் தந்தார். இடைவெளியை அலைநீளத்தால் வகுத்து 54.6ஆல் பெருக்கினால் இழப்பு டெசிபலில் கிடைத்துவிடும். எளிய சூத்திரம்தான், ஆனால் இரக்கமில்லாதது. இடைவெளி பத்தில் ஒரு மைக்ரான் என்று வையுங்கள். வீடியோ8இன் படச் சிக்னல் சுமார் 9 டெசிபல் இறங்கி மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டி நிற்கும். 1989இல் வந்த ஹை8 வகையில் வெள்ளையின் அதிர்வெண் 7.7 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 0.4 மைக்ரான். அதே இடைவெளிக்கு அங்கே சிக்னல் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். இடைவெளி அரை மைக்ரானைத் தொட்டால் வீடியோ8இல் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. புகைத் துகள் ஒன்று அந்த அளவு இருக்கும்.

இப்போது நாதஸ்வரத்துக்கு வருவோம். வீடியோ8இல் ஒலியையும் அதே சுழலும் ஹெட்டுதான் எழுதுகிறது. ஆனால் 1.5 மெகாஹெர்ட்ஸ் அலைமேல் ஏற்றி எழுதுகிறது. அலைநீளம் 2 மைக்ரான். பத்தில் ஒரு மைக்ரான் இடைவெளியில் படம் மூன்றில் இரண்டு பங்கை இழக்கும்போது, ஒலி கால் பங்கைத்தான் இழக்கிறது. வண்ணம் அதைவிடக் கீழே, 732 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது. அதற்கு இன்னும் குறைவான சேதம். அதனால்தான் முகம் தெரியாத புள்ளிக் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு சிவப்புத் திட்டு சேலையைப் போல நகர்வது பல நேரம் தெரிகிறது, பேச்சும் கேட்கிறது. டேப்பின் காந்தம் வடிந்துபோயிருந்தால் இந்த வரிசையில், இத்தனை ஏற்றத்தாழ்வோடு போகாது. உலோகத் துகள் டேப்பின் காந்தம் முப்பது வருடத்தில் அப்படி ஒன்றும் கரைந்துவிடுவதில்லை. படம் இருக்கிறது. ஹெட் அதைத் தொடவில்லை, அவ்வளவுதான்.

சிக்னல் குறைந்தால் படம் மங்கத்தானே வேண்டும், புள்ளிகள் எதற்கு என்று கேட்கலாம். அதிர்வெண்ணில் செய்தியை ஏற்றும் முறைக்கே உள்ள குணம் இது. ஓட்டும் கருவி, வரும் சிக்னல் பெரிதோ சிறிதோ, அதை ஒரே உயரத்துக்குத் தூக்கிவிட்டுத்தான் படிக்கும். ஓர் அளவு வரைக்கும் பலவீனமான சிக்னலிலிருந்தும் பளிச்சென்ற படம் கிடைக்கும். அந்த எல்லையைத் தாண்டியதும், ஆம்ப்ளிஃபையரின் சொந்த வெப்ப இரைச்சலே சிக்னலை மிஞ்சிவிடும். கருவி அந்த இரைச்சலைத் தூக்கிப் பிடித்துப் படமாக்கும். படம் நேற்று வரை நன்றாக இருந்து இன்று திடீரென்று போவதும் இதனால்தான். எல்லைக்கு அருகில் நிற்கும் டேப்பில் முதலில் அடிபடுவது வெளிச்சமான இடங்கள். வெள்ளைக்குத்தானே அதிர்வெண் அதிகம்? வேட்டியின் ஓரத்திலும் ஜரிகையிலும் கறுப்பும் வெள்ளையுமாகக் குறுங்கீற்றுகள் வால் நீட்டிப் பறக்கத் தொடங்கினால், ஹெட்டைச் சுத்தம் செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

ஆக, முதலில் சந்தேகப்பட வேண்டியது ஓட்டும் கருவியை. அந்தச் சந்தேகத்தையும் குருட்டாம்போக்கில் படவேண்டியதில்லை. கிரெயின்ஸ் எங்கே, எந்த வடிவில் வருகிறது என்பதே நோய் எது என்று சொல்லிவிடும்.

படம் படபடவென்று அடித்துக்கொண்டு, பாதி தெளிவும் பாதி புள்ளியுமாக வருகிறதா? பதிவுசெய்த கோப்பைக் கணினியில் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். திரையின் ஒற்றைப்படைக் கோடுகள் சுத்தமாகவும் இரட்டைப்படைக் கோடுகள் புள்ளியாகவும் இருந்தால், இரண்டு ஹெட்டுகளில் ஒன்று மட்டும் அடைத்திருக்கிறது. டேப்பின் மேல் பழிபோட இங்கே வழியே இல்லை. டேப் கெட்டிருந்தால் இரண்டு ஹெட்டுக்கும் கெட்டிருக்கும்.

புள்ளிப் பட்டை ஒன்று திரையின் மேல்பக்கத்திலோ கீழ்ப்பக்கத்திலோ அசையாமல் நிற்கிறது என்றால் விஷயம் வேறு. ஹெட் கோட்டின் ஒரு முனையில் மட்டும் தடம் விலகுகிறது. டேப்பை டிரம்முக்கு வழிநடத்தும் தூண்களின் உயரம் பிசகியிருக்கும். மேலே பட்டை என்றால் பொதுவாக டேப் நுழையும் பக்கத் தூண், கீழே என்றால் வெளியேறும் பக்கத் தூண். பட்டை மெல்ல ஊர்ந்துகொண்டே இருந்தால் டேப் ஓடும் வேகம் சரியில்லை. டேப்பை இழுக்கும் ரப்பர் உருளை வழுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். வி.எச்.எஸ். என்றால் டிராக்கிங் குமிழைத் திருகிப் பார்க்கலாம், ஏனென்றால் அங்கே டேப்பின் ஓரத்தில் தடம் காட்டும் துடிப்புகள் தனியாக இருக்கின்றன. வீடியோ8இல் அந்தக் குமிழ் இல்லை. படத்தோடு சேர்த்தே நான்கு மெல்லிய வழிகாட்டி அதிர்வுகள் பதியப்பட்டிருக்கும், அவற்றைக் கேட்டுக் கருவி தானே தடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஹெட் அழுக்கானால் அந்தக் காதும் மந்தமாகும் என்பதையும் மறக்கக் கூடாது.

அங்கங்கே சிதறி, கண்சிமிட்டும் நேரத்துக்கு ஒரு வெள்ளைக் கீற்று வந்து மறைவது டிராப்அவுட். அந்த இடத்தில் டேப்பின் பூச்சு உதிர்ந்திருக்கிறது, அல்லது தூசி ஒட்டியிருக்கிறது. இந்த அடையாளங்களில் இது மட்டும்தான் உண்மையிலேயே டேப்பின் குற்றம். உலோக ஆவி படியவைத்துச் செய்த ஹை8 டேப்புகளில் பூச்சு மிக மெல்லியது, அதனால் அவற்றில் இது அதிகம்.

படத்தின் அடியில், கடைசிச் சில கோடுகளில் மட்டும் ஒரு கலங்கல் தெரிந்தால் கவலையே வேண்டாம். ஒரு ஹெட்டிலிருந்து அடுத்த ஹெட்டுக்கு மாறும் இடம் அது. எல்லா டேப்பிலும் அன்றிலிருந்தே இருந்தது. பழைய பெட்டி டி.வி. ஓரங்களை மறைத்துக் காட்டியதால் யாரும் பார்த்ததில்லை, கணினி ஒளிவுமறைவில்லாமல் காட்டுகிறது. அதைச் சரிசெய்யக் கிளம்பி நல்ல கருவியைத் திருகிக் கெடுத்தவர்கள் உண்டு.

ஹெட்டில் கைவைப்பதற்கு முன் ஒயரும், படத்தைக் கணினிக்குள் ஏற்றும் கேப்சர் கருவியும் நிரபராதிதானா என்று பார்த்துவிட வேண்டும். கேம்கார்டரைக் கேமரா நிலைக்கு மாற்றி, அதே ஒயர் வழியாகக் கணினியில் நேரடிப் படத்தைப் பாருங்கள். உங்கள் அறை சுத்தமாகத் தெரிந்தால் ஒயர், கேப்சர் கருவி, மென்பொருள் எல்லாம் ஒரே அடியில் விடுதலை. நேரடிப் படத்திலும் புள்ளியோ கோடோ வந்தால் டேப்பை விட்டுவிட்டு மின்சாரப் பக்கம் போகலாம். மெல்ல மேலேறும் அகலப் பட்டை, ஒலியில் 'ம்ம்ம்' என்ற முனகல் இரண்டும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் கசிவதன் அடையாளம். கேம்கார்டரைப் பேட்டரியில் ஓட்டி, லேப்டாப் சார்ஜரையும் பிடுங்கிவிட்டுப் பார்த்தால் பாதி வீடுகளில் இது காணாமல் போகும்.

அடுத்த சோதனைக்கு வேறொரு கேசட் வேண்டும். வேண்டாத பழைய கேசட் ஒன்றில் ஒரு நிமிடம் புதிதாகப் பதிந்து ஓட்டிப் பாருங்கள். கல்யாண கேசட்டில் வேண்டவே வேண்டாம். அதன் முதுகில் உள்ள சிறு தாழ்ப்பாளைச் சிவப்பு தெரியும்படி நகர்த்திவிட்டுத்தான் எந்தச் சோதனையையும் தொடங்க வேண்டும். அப்புறம் தவறி ரெக்கார்டை அழுத்தினாலும் பதியாது. புதுப் பதிவும் புள்ளியாக வந்தால் ஹெட் அடைத்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. புதுப் பதிவு பளிச்சென்று இருந்து, பழையது மட்டும் புள்ளி என்றால் கதை வேறு, அதைப் பிறகு பார்ப்போம்.

இனி சுத்தம் செய்யும் வேலை. கடையில் கிடைக்கும் கிளீனிங் கேசட் உப்புத்தாளின் தம்பி. உலர் வகையை ஒரு முறை பத்து வினாடிக்கு மேல் ஓட்டக் கூடாது, இரண்டு மூன்று முறைக்குப் பிறகும் மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிட வேண்டும். ஹெட் இனிமேல் உற்பத்தியாகப் போவதில்லை. கையால் துடைப்பதே எனக்குப் பிடித்த வழி. பயமாக இருக்கும், ஆனால் முறை தெரிந்தால் அதுதான் பாதுகாப்பு.

கேசட் மூடியைத் திறந்து, அது திறந்திருக்கும்போதே மின்இணைப்பையும் பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். உள்ளே பளபளவென்று, ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் உருளைதான் டிரம். சின்ன கேம்கார்டர்களில் அது 27 மி.மீ. அளவுதான் இருக்கும். மேல் பாதியும் கீழ்ப் பாதியும் சேரும் இடைக்கோட்டில் சிறு சன்னல் போன்ற வெட்டுகள் தெரியும். அவற்றுக்குள்ளிருந்து சில பத்து மைக்ரான் அளவுக்கு மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் பழுப்புச் சில்லுதான் ஹெட். கண்ணாடியைப் போல நொறுங்கக்கூடியது.

சாதாரண வெள்ளை ஏ4 தாளை ஒரு விரல் அகலத்துக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். ஷாமி தோல் குச்சி கிடைத்தால் இன்னும் நல்லது. காதுகுடையும் பஞ்சுக்குச்சி ஆகாது, அதன் இழை ஹெட்டில் மாட்டிக்கொண்டு சில்லையே பெயர்த்துவிடும். தாளின் நுனியை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைக்க வேண்டும். கொரோனாக் காலத்தில் வாங்கி மிச்சமிருக்கும் சானிடைசர் உதவாது, அதில் தண்ணீரும் கிளிசரினும் கலந்திருக்கிறது. நனைந்த தாளை டிரம்மின் பக்கவாட்டில் லேசாக ஒட்டினாற்போல் வைத்து, அதை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, மற்றொரு விரலால் டிரம்மின் தலைப்பைத் தொட்டு மெதுவாகச் சுழற்றுங்கள். ஒவ்வொரு ஹெட்டும் தாளைக் கடக்கும்போது விரலில் மிக மெல்லிய ஒரு நெருடல் தெரியும். நான்கைந்து சுற்றுக்குப் பின் தாளை எடுத்துப் பார்த்தால், பென்சிலால் இழுத்தது போல ஒரு சாம்பல் கோடு. அந்தக் கோடுதான் இத்தனை நேரம் கல்யாணத்தை மறைத்துக்கொண்டிருந்தது. புதுத் தாளில் கோடு விழாத வரைக்கும் திரும்பச் செய்யலாம். எக்காரணம் கொண்டும் தாளை மேலும் கீழுமாகத் தேய்க்கக் கூடாது. ஹெட் அந்தத் திசையில் ஒரு தள்ளலைக்கூடத் தாங்காது.

கை பட்ட நேரத்திலேயே டேப்பை இழுக்கும் எஃகுத் தண்டையும், அதை அழுத்தும் ரப்பர் உருளையையும் துடைத்துவிடலாம். ஆல்கஹால் முழுவதும் காய்ந்த பிறகே கேசட்டைப் போட வேண்டும். ஈரமான டிரம்மில் டேப் ஒட்டிக்கொண்டால் கிழிந்துவிடும். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்த கேம்கார்டர் 'டியூ' என்று எழுத்துக் காட்டி ஓட மறுப்பதும் இதே காரணத்தால்தான். கண்ணுக்குத் தெரியாத பனி டிரம்மில் படிந்திருக்கும். ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் போதும்.

துடைத்த கொஞ்ச நேரத்திலேயே மறுபடி அடைத்துக்கொண்டால் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, பல கருவிகளில் டிரம்மைத் தானாகத் துடைப்பதற்கென்றே வைத்த சின்ன ஸ்பாஞ்ச் உருளை. கேசட் போடும்போதும் எடுக்கும்போதும் டிரம்மைத் தொட்டுப் போகும். புதிதில் நல்ல யோசனைதான். முப்பது வருடத்தில் ஸ்பாஞ்ச் மக்கிப் பிசினாகி, துடைக்க வந்த உருளையே ஒவ்வொரு முறையும் டிரம்முக்குப் பிசின் பூசிவிட்டுப் போகிறது. அதைக் கழற்றி எறிந்துவிடலாம், இல்லாமல் கருவி நன்றாகவே ஓடும்.

இன்னொன்று கேசட்டே. சன்னல் வழியாக டேப் சுருளைப் பக்கவாட்டில் வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பு விளிம்பில் வெள்ளைப் பொடியோ நூல்வலையோ தெரிந்தால் அது பூஞ்சை. கடலோர ஈரக்காற்றில் பீரோவுக்குள் கிடந்த கேசட்டுகளில் இதைப் பார்ப்பது சாதாரணம். அந்த கேசட்டை ஓட்டவே கூடாது. ஓட்டினால் இந்தக் கருவியும், இதற்குப் பின் இதில் போடும் எல்லா கேசட்டும் சேர்ந்து கெடும். தனியே பிரித்துவைத்து, டேப்பைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டிய கேஸ் அது. பூஞ்சை இல்லாமல், பூச்சைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தால் இளகிப் பிசுபிசுக்கும் டேப்பும் உண்டு. அதை மிதமான சூட்டில் வைத்து எடுக்கும் வழக்கம் ஸ்டுடியோ ஒலி டேப்புகளுக்கு உரியது. எங்கேயோ படித்துவிட்டு 8 மி.மீ. கேசட்டை வீட்டு அவனில் வைக்க வேண்டாம். சுத்தமான கேசட்டாக இருந்தாலும், பல வருடம் ஓடாமல் கிடந்ததை ஒரு முறை கடைசிவரை ஓட்டி முழுக்கச் சுற்றிவிட்டுப் பிறகு பிளே செய்வது நல்லது. ஒட்டிக்கிடந்த சுற்றுகள் பிரியும், இழுப்பு சீராகும்.

இனி அந்த வேறு கதை: புதுப் பதிவு நன்றாக ஓடுகிறது, பழையது மட்டும் ஓடவில்லை. இதற்குப் பெரும்பாலும் காரணம், அன்று படமெடுத்த கேம்கார்டரே கொஞ்சம் கோணலாக எழுதியிருப்பது. கோணலாக எழுதியதைக் கோணலாகத்தான் படிக்க வேண்டும். சரியாக நிற்கும் கருவிக்கு அது தடம் பிசகிய டேப். வீடியோ8இல் பக்கத்துப் பக்கத்துக் கோடுகளுக்கு நடுவே இடைவெளி கிடையாது. இரண்டு ஹெட்டுகளின் வெட்டும் எதிரெதிராகப் பத்துப் பத்து டிகிரி சாய்த்து வைக்கப்பட்டிருக்கும், அதனால் ஒன்று எழுதியதை மற்றதால் படிக்க முடியாது. தடம் கொஞ்சம் விலகி ஹெட் பக்கத்துக் கோட்டில் ஏறினால், அந்தப் பங்குக்கு இரைச்சல்தான் மிஞ்சும். டேப்பை மிச்சப்படுத்த லாங்பிளேயில் எடுத்திருந்தால் கோட்டின் அகலம் 17 மைக்ரானாகப் பாதியாகிவிடும், பிசகைத் தாங்கும் இடமும் பாதியாகிவிடும். இப்படிப்பட்ட கேசட்டுக்கு முதல் மருந்து, அதை எடுத்த கேம்கார்டரையே தேடிப் பிடிப்பது. மாமா வீட்டுப் பரணில் அது உயிரில்லாமல் கிடந்தாலும் சரி. 1990களின் தொடக்கத்துக் கேம்கார்டர்கள் பலவற்றின் மரணத்துக்குக் காரணம், உள்ளே திரவம் கசிந்த சின்னஞ்சிறு கெப்பாசிட்டர்கள். பொறுமையான மெக்கானிக் மாற்றித் தந்தால் மறுபடி எழுந்து உட்காரும். அது கிடைக்காத இடத்தில், ஆசிலோஸ்கோப் வைத்து ஹெட்டிலிருந்து வரும் அலையின் உருவத்தைப் பார்த்துக்கொண்டே வழிகாட்டித் தூணை அந்த ஒரு டேப்புக்காகத் திருகி, பிறகு பழைய நிலைக்குக் கொண்டுவருவது உண்டு. ஆசிலோஸ்கோப் இல்லாமல் அந்தத் திருகாணியைத் தொடுவது வீண் வேலை.

டொராண்டோவிலிருந்தோ நியூஜெர்சியிலிருந்தோ வந்த கேசட் என்றால் வேறொன்றையும் யோசிக்க வேண்டும். அங்கே என்.டி.எஸ்.சி. முறை. டிரம் நிமிடத்துக்கு 1,800 சுற்று, நம் ஊரில் 1,500. டேப்பின் வேகமும் கோட்டின் அகலமும்கூட வேறு. நம் கேம்கார்டரில் போட்டால் புள்ளியோ குழப்பமோ வருவது இயல்பு. பின்னாளில் வந்த சில பி.ஏ.எல். கருவிகளில் என்.டி.எஸ்.சி. ஓட்டும் வசதி மெனுவுக்குள் ஒளிந்திருக்கும். இல்லையென்றால் அந்த ஊர்க் கருவிதான் வேண்டும்.

கேப்சர் பக்கம் சொல்வதற்கு அதிகமில்லை. டைம்பேஸ் கரெக்டர் வாங்கினால் கிரெயின்ஸ் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது. கோடுகள் நெளிவதை அது நேராக்கும், ஃபிரேம் விட்டுப்போவதைத் தடுக்கும், புள்ளியைத் தொடாது. கையில் கிடைத்தால் விடக்கூடாத கருவி ஒன்று உண்டு. 1999இல் வந்த டிஜிட்டல்8 கேம்கார்டர்களில் பழைய வீடியோ8, ஹை8 கேசட்டையும் ஓட்டும் மாடல்தான் அது. (எல்லா மாடலும் ஓட்டாது, பார்த்து வாங்க வேண்டும்.) அந்தக் கரெக்டர் அதற்குள்ளேயே இருக்கிறது. படத்தை டிஜிட்டலாக்கி ஃபயர்வயர் வழியாக நேராகக் கணினிக்கு அனுப்பிவிடும். மணிக்கு 13 ஜிபி வரை இடம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

மினிடிவி கேசட்டில் கிரெயின்ஸே வராது, கட்டம் கட்டமாக உடையும். காரணம் மட்டும் அதேதான். 1995இல் வந்த இந்த வகையில் ஒரு பி.ஏ.எல். படம் 12 கோடுகளாகப் பிரிந்து பதிகிறது. ஒவ்வொரு கோடும் படத்தின் ஒரு கிடைமட்டப் பட்டை. ஒரு ஹெட் அடைத்தால் ஒன்றுவிட்டு ஒரு பட்டை பழைய படத்திலேயே உறைந்து நிற்கும். திரையில் அப்படி வரி வரியாகத் தெரிந்தால் மேலே சொன்ன அதே தாள், அதே ஆல்கஹால். டிரம் 22 மி.மீ.க்கும் குறைவு என்பதால் கை இன்னும் மெதுவாக இருக்க வேண்டும்.

எல்லாம் செய்தும் கொஞ்சம் புள்ளி மிஞ்சினால், உடனே கணினியில் இரைச்சல் நீக்கும் வடிகட்டியை ஏவிவிடுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும். புள்ளியோடு சேர்த்துப் பாட்டியின் முகச்சுருக்கத்தையும் அது வழித்தெடுத்துவிடும். அதற்குப் பதில் அதே கேசட்டை மூன்று முறை ஓட்டிப் பதியலாம், முடிந்தால் வெவ்வேறு கருவிகளில். ஹெட்டின் இரைச்சல் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் விழும், டேப்பில் உள்ள காயம் மட்டும் அதே இடத்தில் நிற்கும். மூன்று பதிவுகளையும் ஃபிரேம் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்றில் நடு மதிப்பை எடுக்க ஏவிசிந்த் போன்ற இலவச மென்பொருளில் வழியுண்டு. இடம்மாறும் இரைச்சல் பெருமளவு விழுந்துவிடும். ஃபிரேம் ஒன்று விட்டுப்போயிருந்தாலும் மூன்றும் பொருந்தாது. டைம்பேஸ் கரெக்டர் தன் காசைச் சம்பாதிப்பது இங்கேதான்.

கருவியின் மின்சுற்றையே ஒதுக்கிவிட்டு, ஹெட்டிலிருந்து வரும் கச்சாச் சிக்னலை அப்படியே கணினிக்குள் பதிந்து, அதைப் படமாக்கும் வேலையை மென்பொருளிடம் விடும் வி.எச்.எஸ்-டிகோட் என்ற திறந்தமூலத் திட்டமும் ஓடிக்கொண்டிருக்கிறது. பெயரில் வி.எச்.எஸ். இருந்தாலும் வீடியோ8, ஹை8 டேப்புகளையும் அது படிக்கும். கேம்கார்டரைத் திறந்து ஒயர் பற்றவைக்கத் துணிந்தவர்களுக்கு மட்டும்தான் இது. ஆனால் அவர்களும் பற்றவைக்கும் முன் முதலில் செய்வது, தாளை நனைத்து டிரம்மைச் சுற்றுவதுதான்.